லேசர் முடி குறைப்பு: யாருக்குப் பொருந்தும், எப்படித் தயாராவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லேசர் செய்துகொள்ளத் தோல் மருத்துவரிடம் வருபவர்களில் சிலர், முந்தைய நாள்தான் பார்லரில் வாக்சிங் முடித்துவிட்டு மழமழவென்ற கையோடு வந்து நிற்பார்கள். சுத்தமாக இருக்கட்டுமே என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தக் கையில் லேசருக்கு வேலையே இல்லை. ஐந்தாறு வாரம் கழித்து வரச் சொல்லி அனுப்புவதைத் தவிர மருத்துவருக்கும் வழி இல்லை. அப்படி வீணாகும் பயணத்தைத் தவிர்க்கவும், தமக்கு இது பொருந்துமா என்று முதலிலேயே தெரிந்துகொள்ளவும் உதவும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. பதில்கள் நம் ஊர் மாநிறத் தோலையும் கருந்தோலையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

லேசர் முடியை எப்படி அழிக்கிறது?

முடிக்குக் கருநிறம் தருவது மெலனின் என்ற நிறமி. லேசரின் ஒளி தோலைக் கடந்து உள்ளே போகும்போது, முடித் தண்டிலும் வேரிலும் உள்ள மெலனின் அதை உறிஞ்சிக்கொண்டு சூடேறுகிறது. அந்தச் சூடு வேரைச் சுற்றியுள்ள, புது முடியை உருவாக்கும் உயிரணுக்களுக்குப் பரவி அவற்றைச் சேதப்படுத்துகிறது. ஒளியின் அலைநீளத்தையும் அது பாயும் நேரத்தையும் சரியாகத் தேர்ந்தெடுத்தால், சுற்றியுள்ள தோலைச் சுடாமல் குறிப்பிட்ட இலக்கை மட்டும் சுடலாம் என்ற கொள்கையை அமெரிக்க மருத்துவர்களான ராக்ஸ் ஆண்டர்சனும் ஜான் பாரிஷும் 1983 இல் வெளியிட்டனர். இன்று புழக்கத்தில் உள்ள முடி லேசர்கள் எல்லாம் அந்தக் கொள்கையின் மேல்தான் நிற்கின்றன.

இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. வேரில் நிறமுள்ள முடி இருந்தாக வேண்டும்; அதனால்தான் பிடுங்கிவிட்டு வரக் கூடாது என்கிறோம். தோலிலும் இருப்பது அதே மெலனின்தான். அதனால்தான் வெயிலில் கறுத்த தோலோடு வரக் கூடாது என்கிறோம். கீழே வரும் அறிவுரைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஏதாவது ஒன்றில்தான் போய் முடியும்.

இது நிரந்தரமா?

விளம்பரங்கள் ‘நிரந்தர முடி நீக்கம்’ என்கின்றன. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இந்தக் கருவிகளுக்கு ஒப்புக்கொள்ளும் சொல் ‘நிரந்தர முடி குறைப்பு’ என்பதுதான். அதாவது, சிகிச்சை முழுவதும் முடிந்த பிறகு மீண்டும் வளரும் முடிகளின் எண்ணிக்கை முன்பைவிடக் குறைந்து, நீண்ட காலம் அந்த அளவிலேயே நிற்கிறது என்று பொருள். ஒரு முடிகூட வராது என்று பொருள் இல்லை. பொருத்தமானவர்களுக்குப் பெரும்பகுதி முடி போய்விடும். மிச்சம் இருப்பது மெலிந்து, நிறம் வெளிறி, மெதுவாக வளரும். வருடத்துக்கு ஓரிரு முறை பராமரிப்புக்காக வர வேண்டியிருக்கலாம். முகத்தில், அதுவும் ஹார்மோன் கோளாறு உள்ளவர்களுக்கு, இந்தத் தேவை அதிகம். ‘நூற்றுக்கு நூறு போய்விடும், எழுதியே தருகிறோம்’ என்று சொல்லும் இடத்தில், எழுதித் தந்தாலும் வாங்கிக்கொள்ளாமல் எழுந்து வந்துவிடுவது நல்லது.

நான் நல்ல கறுப்பு. எனக்கு லேசர் ஆகாது என்கிறார்களே?

ஒரு காலத்தில் அது ஓரளவு உண்மை. 694 நானோமீட்டர் அலைநீளமுள்ள ரூபி லேசர்தான் தொடக்கத்தில் வந்தது. அதன் ஒளியைத் தோலின் மேல்பகுதி மெலனினே பெருமளவு விழுங்கிவிடும் என்பதால், கருந்தோலில் கொப்புளமும் தழும்பும் வந்தன. பிறகு 755 நானோமீட்டர் அலெக்சாண்ட்ரைட், 800 முதல் 810 வரையிலான டையோடு, 1064 நானோமீட்டர் என்டி-யாக் என்று அலைநீளம் கூடக்கூட, மெலனின் ஒளியை உறிஞ்சுவது குறைந்தது. ஒளி ஆழமாகவும் இறங்கியது. இதனால் தோல் தப்பித்தது, கறுத்துத் தடித்த முடி வேர் மட்டும் சூடானது.

வெயில் பட்டால் தோல் எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்து, 1975 இல் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் வகுத்த அளவுகோல் பின்னர் ஆறு வகையாக விரிந்தது. எப்போதும் சிவந்து எரிந்து, கறுக்கவே கறுக்காத வெளிர்தோல் முதல் வகை. எரியவே எரியாத கருந்தோல் ஆறாவது வகை. நம்மவர்களில் பெரும்பாலோர் நான்கிலும் ஐந்திலும் வருவார்கள், ஆறும் உண்டு. நான்காம் வகைக்கு டையோடும் ஐந்து, ஆறாம் வகைகளுக்கு என்டி-யாக்கும் பாதுகாப்பான தேர்வுகள் என்பது பொதுவான நடைமுறை. துடிப்பு, அதாவது ஒரு முறை ஒளி பாயும் நேரம், நீண்டிருக்கும் டையோடு லேசரைக் கவனமாகப் பயன்படுத்தி ஐந்தாம் வகைத் தோலுக்கும் செய்கிறார்கள். அலெக்சாண்ட்ரைட்டை மட்டுமே வைத்துக்கொண்டு எல்லாத் தோலுக்கும் செய்யும் இடத்தில், ஐந்தாம் வகைத் தோலுடையவர் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

கருந்தோலுக்கு இன்னும் இரண்டு காப்புகள் உண்டு. ஒளித் துடிப்பை நீட்டி, சூட்டை மெதுவாக ஏற்றுவது ஒன்று. குளிர்ந்த நீலமணிக்கல் முனை, குளிர்காற்று, குளிர்த் தெளிப்பு ஆகியவற்றில் ஏதாவது ஒன்றால் மேல்தோலைச் சில்லென்று வைத்திருப்பது மற்றொன்று. ஆகவே கறுப்பு என்பதற்காக யாரையும் ஒதுக்க வேண்டியதில்லை. எந்தக் கருவி, எந்த அலைநீளம் என்று வாய்விட்டுக் கேளுங்கள்; பெயர் சொல்லத் தயங்கும் இடம் உங்களுக்கானது இல்லை.

‘ஐ.பி.எல்.’ என்பதும் லேசர்தானே?

இல்லை. லேசர் ஒரே அலைநீளத்தில் வருவது, ஐ.பி.எல். பல அலைநீளங்கள் கலந்த பளிச்சொளி. வடிகட்டிகள் வைத்து அதையும் முடிக்குப் பயன்படுத்துகிறார்கள். அந்தக் கலவையில் மேல்தோல் எளிதில் உறிஞ்சும் பகுதியும் சேர்ந்தே வருவதால், நம் தோலில் செவ்வகச் செவ்வகமாகச் சூட்டுத் தடம் விழும் அபாயம் கூடுதல். லேசர் என்று பலகை வைத்துவிட்டு உள்ளே ஐ.பி.எல். செய்யும் பார்லர்கள் இருக்கின்றன என்பதால்தான் இந்தக் கேள்வியைத் தனியாகச் சேர்க்க வேண்டியிருந்தது.

நரைமுடிக்கும் பூனைமுடிக்கும் பயன்படுமா?

நரைத்த முடியில் மெலனின் இல்லை. லேசருக்கு அது கண்ணாடி மாதிரி. எத்தனை முறை செய்தாலும் பலன் வராது. தாடையில் நான்கைந்து நரைமுடிகள் மட்டும் தொல்லை தருகின்றன என்றால், ஒவ்வொரு வேரிலும் மெல்லிய ஊசி நுழைத்து மின்சாரம் செலுத்தும் எலக்ட்ராலிசிஸ் முறைதான் வழி. மெல்ல நடக்கும், பொறுமை வேண்டும். ஆனால் முடியின் நிறம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. நரை தொடங்கும் வயதில் இருப்பவர்கள் லேசர் செய்துகொள்வதாக முடிவெடுத்தால், தள்ளிப்போடாமல் செய்வது நல்லது என்பதும் இதனால்தான்.

கன்னத்தில் வெயில் பட்டால் மட்டும் தெரியும் பூனைமுடி வேறு கதை. அதில் நிறமும் குறைவு, தடிமனும் குறைவு. லேசருக்குச் சரியாகச் சிக்காது. சிக்காமல் போவதோடு, சிலருக்கு அந்த அரைகுறைச் சூடே முடியைத் தூண்டிவிட்டு, மெல்லிய முடி தடித்துக் கறுக்கவும் செய்கிறது. இப்படி எதிர்மாறாக முடி கூடுவது முகத்திலும் கழுத்திலும்தான் அதிகம் காணப்படுகிறது. தெற்காசிய, மத்தியகிழக்குத் தோலுடையவர்களிடமும், ஹார்மோன் கோளாறு உள்ளவர்களிடமும் இது கூடுதலாகப் பதிவாகியுள்ளது. முகம் முழுக்கப் பூனைமுடி இருக்கிறதே, எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள் என்று கேட்கும் பெண்ணிடம், தாடையில் உள்ள தடித்த முடிகளுக்கு மட்டும் செய்வோம், கன்னத்தைத் தொட வேண்டாம் என்று மருத்துவர் சொன்னால், அவர் வியாபாரத்தைவிட உங்கள் முகத்தைப் பெரிதாக நினைக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

முகத்தில் தடித்த முடி வருகிறது, மாதவிலக்கும் ஒழுங்காக இல்லை. நேராக லேசருக்குப் போகலாமா?

முதலில் காரணத்தைப் பாருங்கள். மேலுதடு, தாடை, கிருதா, நெஞ்சு, தொப்புளுக்குக் கீழே என்று ஆண்களுக்கு முளைக்கும் இடங்களில் பெண்ணுக்குத் தடித்த முடி முளைப்பதற்கு மிகப் பொதுவான காரணம் பி.சி.ஓ.எஸ். எனப்படும் சினைப்பைக் கோளாறு. இது எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று அளக்க, 1961 இல் ஃபெரிமன், கால்வே என்ற இருவர் வகுத்த மதிப்பெண் முறையின் திருத்திய வடிவம் இன்றும் பயன்படுகிறது. உடலின் ஒன்பது இடங்களுக்கு, ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் நான்கு வரை மதிப்பெண். மதிப்பெண்ணையும் மாதவிலக்கு வரலாற்றையும் பார்த்துவிட்டு, டெஸ்டோஸ்டீரோன், தைராய்டு, புரோலாக்டின் போன்ற ரத்தப் பரிசோதனைகளும் ஸ்கேனும் தேவையா என்று மருத்துவர் முடிவு செய்வார்.

பரிசோதனையைத் தவிர்த்துவிட்டு லேசர் மட்டும் செய்தால் என்ன ஆகும்? குழாயைத் திறந்துவிட்டுத் தரையைத் துடைப்பது போலத்தான். இருக்கும் முடியை லேசர் குறைக்கும். தூங்கிக்கொண்டிருந்த வேர்களை ஹார்மோன் எழுப்பிக்கொண்டே இருக்கும். கருத்தடை மாத்திரை, ஸ்பைரனோலாக்டோன் போன்றவற்றை மருத்துவர் எழுதித் தந்தால், முடியில் வித்தியாசம் தெரிய ஆறு மாதமாவது ஆகும். லேசரை அதோடு சேர்த்தே நடத்தலாம், மருந்து முடியும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. மருந்துக்கடையில் கேட்டு வாங்கித் தானாகச் சாப்பிடும் மாத்திரைகள் இவை இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஒரு எச்சரிக்கை மட்டும். சில மாதங்களுக்குள் திடீரென்று முடி பெருகி, குரல் கரகரத்து, தலைமுடி முன்பக்கம் ஏறினால், அது லேசர் மையத்தின் வேலை இல்லை. சினைப்பையிலோ அட்ரினல் சுரப்பியிலோ கட்டி இருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும்.

யார் தள்ளிப்போட வேண்டும், யார் தவிர்க்க வேண்டும்?

செய்ய வேண்டிய இடத்தில் சீழ்க்கட்டி, படர்தாமரை, புண், புதிதாக வெயிலில் எரிந்த தோல் இருந்தால், அது ஆறும் வரை தள்ளிப்போட வேண்டும். படர்தாமரை இப்போது நம் ஊரில் தொடையிடுக்கில் சர்வ சாதாரணம். கூச்சத்தால் மறைத்துவிட்டு வருகிறார்கள். மறைக்காதீர்கள். உதட்டோரம் அடிக்கடி அக்கி வருபவருக்கு லேசரின் சூடே அதைக் கிளப்பிவிடலாம். முன்கூட்டியே சொன்னால் தடுப்பு மாத்திரை தருவார்கள்.

வெண்புள்ளி, சொரியாசிஸ் போன்றவை காயம்பட்ட இடத்தில் புதிதாகக் கிளம்பும் தன்மையுடையவை. அவை தீவிரமாக இருக்கும்போது லேசர் வேண்டாம். காது குத்திய இடத்தில் கோலிக்குண்டு மாதிரித் தழும்பு தடித்தவர்கள், லூபஸ் என்ற தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்கள், வெளிச்சம் பட்டால் வலிப்பு வருபவர்கள், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள் ஆகியோர் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். முடிவு ஆளுக்கு ஆள் மாறும். வெளிச்சத்தால் தோல் சிவக்கச் செய்யும் மருந்துகளும் உண்டு. பருவுக்குத் தரப்படும் டாக்சிசைக்ளின் அவற்றில் நாம் அடிக்கடி பார்ப்பது. எனவே சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள், சித்த மருந்துச் சூரணங்களையும் சேர்த்து.

பச்சை குத்திய இடத்தின் மேல் லேசர் அடிக்கவே கூடாது. மை மொத்தமும் சூடேறி வெந்துவிடும். மச்சங்களையும் மூடிவிட்டுத்தான் செய்ய வேண்டும். கண்குழிக்குள், அதாவது புருவத்துக்கும் இமைக்கும் இடையில், எந்த நிலையிலும் கூடாது. கருவிழியின் வண்ணத்திரை சேதமான நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. புருவத்துக்குக் கீழே இரண்டு முடிதானே என்று கேட்டால், அதற்குத்தான் நூல் இருக்கிறது.

கர்ப்பமாக இருக்கும்போது?

கருவுக்குக் கெடுதல் என்று நிரூபிக்கப்பட்டதில்லை. பாதுகாப்பானது என்றும் நிரூபிக்கப்பட்டதில்லை. அவசரமில்லாத அழகுச் சிகிச்சைக்கு இந்த நிச்சயமின்மையே போதிய காரணம் என்பதால் ஒத்திவைக்கிறார்கள். தவிரவும், கர்ப்ப காலத்தில் வயிற்றிலும் முகத்திலும் கூடும் முடி, பிரசவத்துக்குப் பின் சில மாதங்களில் தானாகவே உதிர்வது உண்டு. இடையில் கருத்தரித்தால், மீதி சிட்டிங்குகளை நிறுத்தி வைப்பதற்கான ஏற்பாடு பேக்கேஜில் இருக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பருவுக்கு ஐசோட்ரெடினாய்ன் சாப்பிடுகிறேன். ஆறு மாதம் காத்திருக்க வேண்டுமா?

அப்படித்தான் நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். 2017 இல் அமெரிக்கத் தோல் நிபுணர்கள் இருந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, முடி லேசரைத் தள்ளிப்போடுவதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்ற கருத்துக்கு வந்தனர். இருந்தாலும் இந்த மருந்து தோலை உலர்த்துவது. லேசரின் அளவைக் குறைத்து, முதலில் சின்ன இடத்தில் மட்டும் அடித்துச் சோதனைப் புள்ளி வைத்துப் பார்த்துவிட்டுச் செய்வதா, மருந்து முடிந்தபின் செய்வதா என்பதை மருந்தை எழுதிய மருத்துவரே சொல்லட்டும்.

ஆண்களும் செய்துகொள்கிறார்களா? வயது வரம்பு உண்டா?

தாராளமாக. ஷேவ் செய்த இடமெல்லாம் முடி உள்ளே வளைந்து வளர்ந்து, கழுத்தில் கருங்கொப்புளமாகப் புடைப்பவர்களுக்கு இது அழகுக்கான சிகிச்சையைத் தாண்டி, நோய்க்கான சிகிச்சையே. புட்டப் பிளவின் மேல்பகுதியில் முடி புதைந்து திரும்பத் திரும்பச் சீழ்வைக்கும் நோய்க்கும், அறுவைசிகிச்சை நிபுணர்கள் அவ்விடத்து முடியை லேசரால் குறைக்கப் பரிந்துரைப்பது உண்டு. ஆண்களின் முதுகு, தோள் முடிகள் மெதுவாகத்தான் வழிக்கு வரும். வயதாக ஆகப் புது முடி முளைத்துக்கொண்டே இருக்கும் இடம் அது.

வயதைப் பொறுத்தவரை, பருவம் எய்தி ஹார்மோன்கள் ஒரு நிலைக்கு வந்தபின் செய்வதே பயன் தரும். பதினெட்டுக்குக் கீழே என்றால் பெற்றோர் ஒப்புதல் கட்டாயம். பள்ளியில் கேலி செய்கிறார்கள் என்று பதின்மூன்று வயதுப் பெண்ணை அம்மா அழைத்து வரும்போது, அந்த வேதனையைச் சிறிதாக நினைக்கக் கூடாது. ஆனால் அந்த வயதில் முதலில் பார்க்க வேண்டியது ஹார்மோனைத்தான்.

முதல் சந்திப்பில் என்ன நடக்க வேண்டும்?

உட்கார்ந்த உடனே பேக்கேஜ் அட்டை நீட்டப்பட்டால், அது நல்ல தொடக்கம் இல்லை. மருத்துவர் உங்கள் தோல் வகையையும் முடியின் தடிமனையும் நிறத்தையும் பார்க்க வேண்டும். மாதவிலக்கு, மருந்து, தழும்பு, அக்கி பற்றிக் கேட்க வேண்டும். புகைப்படம் எடுத்து வைக்க வேண்டும். இதற்காகவே, பார்க்க வரும் நாளில் முடியை மழிக்காமல், ஒரு வாரம் வளரவிட்டு வருவது உதவும்.

பிறகு சோதனைப் புள்ளி. செய்யவிருக்கும் பகுதியின் ஓரத்தில், வெளியே தெரியாத இடத்தில், இரண்டு மூன்று துடிப்புகள் மட்டும் அடிப்பார்கள். சில நிமிடங்களில் ஒவ்வொரு முடியைச் சுற்றியும் சின்னதாகச் சிவந்து, கோழித் தோல் மாதிரிப் புடைத்தால் அளவு சரி. கருந்தோலில் சிவப்பு கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். விரலால் தடவினால் புடைப்பு தட்டுப்படும். மாறாக, கருவி முனையின் வடிவத்திலேயே தோல் முழுக்கச் சாம்பல் பூத்தால் அளவு மிகுதி. நம் தோலில் கொப்புளம் ஓரிரு நாள் கழித்துக்கூட எழும் என்பதால், புள்ளி வைத்த அன்றே முழுச் சிட்டிங்கும் செய்வது சரியான நடைமுறை இல்லை. குறைந்தது இரண்டு நாள், முடிந்தால் ஒன்றிரண்டு வாரம் பொறுத்துப் பார்ப்பது நல்லது.

வாக்சிங், த்ரெடிங்கை எப்போது நிறுத்த வேண்டும்? அதுவரை முகத்தை எப்படி வெளியே காட்டுவது?

வேரோடு பிடுங்கும் எதையும் நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும். வாக்சிங், த்ரெடிங், சாமணம், எபிலேட்டர் எல்லாம் இதில் அடங்கும். முடியின் நிறத்தை வெளிறச் செய்யும் பிளீச்சிங்கும் கூடாது; இலக்கையே நாம் சுண்ணாம்பு அடித்து மறைத்த மாதிரி ஆகிவிடும். சிட்டிங்குகளுக்கு இடையிலும் இதே விதிதான். பலன் வரவில்லை என்று குறைப்படுபவர்களிடம் விசாரித்தால், இடையில் ஒரு விசேஷத்துக்காகத் த்ரெடிங் செய்தேன் என்ற பதில் மெல்ல வெளியே வரும்.

அதுவரைக்கும் மழிக்கலாம். இங்கேதான் பெண்கள் தயங்குவார்கள்: ரேசர் வைத்தால் முடி தடித்து ஆம்பிளை மாதிரி வளருமே! வளராது. முடியின் நுனி இயல்பாகவே கூர்ந்து மெலிந்திருக்கும். மழிக்கும்போது தண்டின் நடுவில் வெட்டுப்படுவதால் முனை மொட்டையாகி, முளைக்கும்போது சொரசொரவென்று தடித்ததுபோல் தெரிகிறது, அவ்வளவே. தோலுக்கு அடியில் இருக்கும் வேருக்கு மேலே பிளேடு போனது தெரியவே தெரியாது. முகத்துக்கென்றே விற்கும் சிறு ரேசரால் முடி சாய்ந்திருக்கும் திசையிலேயே மழித்தால் போதும்.

சிட்டிங்குக்கு முந்தைய நாள் அந்தப் பகுதியைச் சுத்தமாக மழித்துவிட்டு வர வேண்டும். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் முடி லேசர் பட்டுக் கருகினால், அந்தச் சூடு வேருக்குப் போகாமல் தோலைச் சுடும்.

வெயிலில் இருந்து எப்படித் தப்பிப்பது? நம் ஊரில் நடக்கிற காரியமா?

முழுக்கத் தப்பிக்க முடியாது; குறைக்க முடியும். சிட்டிங்குக்கு நான்கு வாரம் முன்பிருந்தும் அதன் பின்னரும், செய்யும் பகுதியில் நேரடி வெயில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அக்குள், தொடை, அந்தரங்கப் பகுதிகளுக்கு இந்தக் கவலை இல்லை. கஷ்டம் முகத்துக்கும் முன்கைக்கும்தான். ஸ்கூட்டர் ஓட்டும் பெண்ணின் முன்கையைப் பாருங்கள்: சட்டைக்கை முடியும் இடத்தில் கோடு போட்டதுபோல் இரண்டு நிறம் இருக்கும். கோட்டுக்கு மேலே பாதுகாப்பான அளவு, கோட்டுக்குக் கீழே சுட்டுவிடலாம். முழுக்கைச் சட்டையோ கையுறையோ இதற்கு எந்தக் கிரீமையும்விட உருப்படியான பாதுகாப்பு.

முகத்துக்கு எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல் உள்ள சன்ஸ்கிரீனைத் தாராளமாகப் பூசி, வெளியில் இருந்தால் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். கை கால்களுக்குத் தொடங்கும் காலத்தைத் தேர்ந்தெடுக்க முடியுமென்றால், அக்னி நட்சத்திரத்தில் தொடங்காமல் ஐப்பசி, கார்த்திகையில் தொடங்குவது எளிது. கடற்கரைச் சுற்றுலாவிலிருந்து நேராக வந்தால், நல்ல மருத்துவர் தேதியை மாற்றிவிடுவார். அதற்காகக் கோபப்பட வேண்டாம்.

மஞ்சள், மருதாணி, கிரீம்கள் பற்றி?

மஞ்சள் பூசிக் குளிக்கும் வழக்கம் உள்ளவர்கள் சில நாட்களுக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். தோலின் உண்மையான நிறத்தை மருத்துவர் பார்த்தாக வேண்டும். மயிர்க்கால்களில் பொடி தங்கியிருக்கவும் கூடாது. மருதாணி இட்ட இடத்தில் நிறம் முழுவதும் மங்கிய பிறகுதான் லேசர். விரல் முடிக்குச் செய்துகொள்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ரெடினால், ட்ரெட்டினாய்ன், கிளைகாலிக் அமிலம் போன்றவை உள்ள கிரீம்களை ஒரு வாரம் முன்பு நிறுத்துவது வழக்கம். ஃபேஷியல், பீலிங் செய்திருந்தால் இன்னும் கூடுதல் இடைவெளி தேவை. இவற்றையெல்லாம்விட எனக்குக் கவலை தருவது, பக்கத்து வீட்டாரோ மருந்துக்கடைக்காரரோ சொல்லி வாங்கி மாதக்கணக்கில் முகத்தில் பூசும் ‘சிவப்பழகு’ டியூப்கள். பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. அது தோலை மெலியச் செய்யும். முகத்தில் முடி வளரவும் செய்யும். முடியை வளர்த்துவிட்ட கிரீமைப் பூசிக்கொண்டே அந்த முடிக்கு லேசர் செய்துகொண்டிருப்பவர்கள் உண்டு. டியூபைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

வலிக்குமா? மரப்புக் களிம்பு பூசிக்கொண்டு போகலாமா?

ரப்பர் பேண்டை இழுத்துச் சுண்டியது போன்ற சுரீர் என்ற வலி. மேலுதட்டிலும் அந்தரங்கப் பகுதியிலும் அதிகம், காலில் குறைவு, ஒவ்வொரு சிட்டிங்கிலும் முடி குறையக் குறைய வலியும் குறையும். மேலுதட்டுக்குச் செய்யும்போது பல் கூசாமல் இருக்க, உதட்டுக்கும் பல்லுக்கும் நடுவே ஈரப் பஞ்சுத் துணி வைப்பார்கள். மாதவிலக்கு நாட்களில் செய்யத் தடையில்லை. ஆனால் வலி கூடுதலாகத் தெரிவதாகப் பலர் சொல்கிறார்கள்.

மரப்புக் களிம்பை வீட்டில் தானாகப் பூசிக்கொண்டு வராதீர்கள். அமெரிக்காவில், முடி லேசருக்கு முன் வலி தெரியாமல் இருக்கக் கால்களில் மரப்புக் களிம்பைப் பூசி, மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றிக்கொண்ட 22 வயதும் 25 வயதுமான இரண்டு பெண்கள், மருந்து அளவு மீறி ரத்தத்தில் ஏறி வலிப்பு கண்டு, நினைவிழந்து இறந்தனர். அதையொட்டி அந்நாட்டு உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2007 இல் பொது எச்சரிக்கையே வெளியிட்டது. சிறிய இடத்துக்கு, மருத்துவர் சொன்ன அளவுக்கு, சொன்ன நேரத்துக்கு என்றால் பயமில்லை. இரண்டு காலுக்கும் டியூப் டியூபாகப் பூசுவது வேறு. போதாதற்கு, முழுவதும் மரத்துப்போன தோல், சூடு மிகும்போது ‘ஐயோ’ என்று உங்களைச் சொல்லவும் விடாது.

அன்றைக்கு எப்படிப் போக வேண்டும்?

குளித்துவிட்டு, எண்ணெய், பவுடர், சென்ட், மேக்கப் எதுவும் இல்லாமல். நெற்றி, கிருதாப் பகுதி என்றால் திருநீறு, சந்தனம், குங்குமம் எல்லாவற்றையும் துடைத்துவிட வேண்டும். மூக்குத்தியையும் தோட்டையும் கழற்றுவது நல்லது. அக்குளுக்கு என்றால் அன்று டியோடரண்ட் வேண்டாம். தளர்வான பருத்தி உடை போதும். எல்லை குறிக்க மருத்துவர் வெள்ளைப் பென்சிலைப் பயன்படுத்துவார்; கறுப்புப் பேனாவால் கோடு போட்டால் கோட்டின் மேலேயே லேசர் சுடும். உங்களுக்கும் கருவியை இயக்குபவருக்கும் அந்த அலைநீளத்துக்கென்று உள்ள கண்காப்பு இருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொள்ளுங்கள் போதும் என்று சொன்னால் எழுந்துவிடுங்கள்.

எத்தனை சிட்டிங்? தையில் கல்யாணம், மார்கழியில் வந்தால் போதுமா?

போதாது. எந்த நேரத்திலும் முடிகளில் ஒரு பகுதிதான் வளரும் பருவத்தில் இருக்கும். லேசர் நன்றாகப் பிடிப்பது அவற்றை மட்டுமே. மற்றவை உறங்கி எழும்போது மீண்டும் பிடிக்க வேண்டும். முகத்துக்கு 4 முதல் 6 வாரம், உடலுக்கு 6 முதல் 8 வாரம் என்ற இடைவெளியில் ஆறு முதல் எட்டு சிட்டிங் வரை ஆகும் என்பது பொதுக் கணக்கு, பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களுக்கு இன்னும் கூடும். ஆகவே தையில் கல்யாணம் என்றால், முந்தைய மாசி, பங்குனியிலேயே தொடங்க வேண்டும். கல்யாணத்துக்கு ஒரு மாதமே இருந்தால் லேசரைத் தொடாமல் வழக்கமான வாக்சிங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மேடையில் முகத்தில் சூட்டுத் தடத்தோடு நிற்பதைவிட அது மேல். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அடித்து வேகமாக முடித்துத் தருகிறோம் என்பது உங்கள் பணத்துக்கு வேகமே தவிர, முடிக்கு அல்ல.

பிறகு எது இயல்பு, எதற்குப் பயப்பட வேண்டும்?

சில மணி நேரம், சிலருக்கு ஓரிரு நாள், சிவப்பும் புடைப்பும் எரிச்சலும் இயல்பு. ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி ஒற்றலாம். இரண்டு நாள் சுடுநீர்க் குளியல், உடற்பயிற்சி, நீச்சல், எண்ணெய்க் குளியல் வேண்டாம். தோட்டத்துச் சோற்றுக் கற்றாழையை நேராகப் பறித்துப் பூசினால் சிலருக்கு அரிக்கும். வாசனை இல்லாத மாய்ஸ்சரைசரே போதும். அடுத்த ஒன்று முதல் மூன்று வாரங்களில் முடி வளர்வதுபோல் தோன்றும். பெரும்பாலும் அது வளர்ச்சியல்ல, வெந்த முடி வெளியே தள்ளப்படுவது. குளிக்கும்போது துணியால் தேய்த்தால் மிளகுப்பொடி போல உதிரும்.

கொப்புளம், நீர் கசிவு, கருவி முனையின் வடிவிலேயே கருமை, நாட்கணக்கில் அடங்காத வலி ஆகியவை இயல்பல்ல. படம் எடுத்துக்கொண்டு அன்றே மருத்துவரிடம் போங்கள், பொக்குகளைக் கிள்ளாதீர்கள். கருமைத் தடம் நம் தோலில் வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் நிற்கும். வெயில் படாமல் காத்தால் பெரும்பாலும் மறையும்.

வீட்டிலேயே செய்யும் கருவி வாங்கலாமா?

கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை ஆற்றல் குறைந்த ஐ.பி.எல். கருவிகள். தோலின் நிறத்தைப் பார்த்து, அதிகம் கறுப்பாக இருந்தால் இயங்க மறுக்கும் உணரி பலவற்றில் உண்டு. இயங்க மறுத்தால், அதை ஏமாற்ற வழி தேடாமல், எடுத்து வைத்துவிட வேண்டும். மாநிறத்தவரின் கால், கை முடிக்கு ஓரளவு உதவலாம். பெண்களின் முகத்துக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. அரைகுறைச் சூடு முடியைத் தூண்டும் என்று மேலே சொன்னது இங்கே இன்னும் பொருந்தும்.

நல்ல இடத்தை எப்படி அடையாளம் காண்பது?

தோல் மருத்துவத்தில் பட்டமேற்படிப்புப் படித்த மருத்துவர் பெயரளவுக்குப் பலகையில் மட்டுமா, அங்கேயே இருக்கிறாரா என்று பாருங்கள். மருத்துவப் பேரவைப் பதிவு எண்ணைக் கேட்பதில் தவறில்லை. தமிழ்நாட்டில் மருத்துவ நிறுவனங்களுக்கான 1997 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அந்த இடம் பதிவு பெற்றிருக்கிறதா என்றும் கேட்கலாம். முடி லேசருக்கான வழிகாட்டுதல்களை இந்தியத் தோல் மருத்துவர்கள் சங்கம் 2008 இலேயே வெளியிட்டிருக்கிறது. சிகிச்சைக்கு முன் எழுத்துமூலம் விளக்கி ஒப்புதல் வாங்குவது இந்தத் துறையின் அடிப்படை ஒழுங்கு. அந்தத் தாள் நீங்கள் படிக்கும் மொழியில் இருக்கட்டும்.

எட்டு சிட்டிங் பணத்தையும் முதல் நாளே கட்டச் சொன்னால், இரண்டுக்கு மட்டும் கட்டுகிறேன், படத்தை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு மீதி என்று சொல்லிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் எந்த அலைநீளம், சதுர செண்டிமீட்டருக்கு எத்தனை ஜூல், எத்தனை மில்லிநொடித் துடிப்பு என்பதை உங்கள் அட்டையில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஊர் மாறி வேறு மருத்துவரிடம் தொடர நேர்ந்தால், அவர் முதலில் கேட்கப்போவது அந்த அட்டையைத்தான்.